புளியங்குடி எலுமிச்சையில் கிம்லெட்

ஜின்னையும் இனிப்பூட்டிய எலுமிச்சைச் சாற்றையும் பனிக்கட்டியோடு கலந்து குளிரக் குளிரக் குடிக்கும் காக்டெயிலுக்குக் கிம்லெட் என்று பெயர். பொருள்கள் இரண்டே என்பதால் இதைச் செய்வது எளிது என்று பலரும் நினைக்கிறார்கள். இரண்டே என்பதால்தான் இதில் பிழையை மறைக்க இடமில்லை என்பது ஒருமுறை கெடுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். நான் செங்கோட்டைக்காரன். மேற்கே புளியரையைத் தாண்டினால் கேரளம். வடக்கே கடையநல்லூர் வழியாகச் சென்றால், லெமன் சிட்டி என்று வியாபாரிகள் பெருமையோடு சொல்லிக்கொள்ளும் புளியங்குடி. அங்கே தரம் பிரித்து மூட்டை கட்டிய எலுமிச்சையில் பெரும்பகுதி மலையைக் கடந்து கேரளத்துக்குத்தான் போகிறது. 1956 நவம்பர் 1 வரை எங்கள் ஊரே திருவிதாங்கூர்ப் பக்கத்தில்தான் இருந்தது என்பதால், எல்லை தாண்டும் பழங்களைப் பார்த்து எங்களுக்கு வியப்பு ஏற்படுவதில்லை. ஆனால் இந்தப் பழத்துக்கும் ஆங்கிலேயக் கடற்படை அதிகாரிகளின் கோப்பைக்கும் உள்ள உறவு எனக்குத் தெரிய வந்தபோது வியப்பாகத்தான் இருந்தது.

முதலில் ஒரு சொற்குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். எலுமிச்சை என்றால் லெமன் என்று பள்ளியில் படித்தோம். எலுமிச்சைச் சாதத்தை லெமன் ரைஸ் என்று ஓட்டல் பலகையிலும் எழுதிவிட்டோம். உண்மையில் மேல்நாட்டார் லெமன் என்பது பெரிதாய், நீள்வட்டமாய், தடித்த தோலோடு இருக்கும் வேறொரு பழம். நம் சந்தையில் எடை போடும் உருண்டையான, மெல்லிய தோலுள்ள, விதை நிறைந்த சின்னப் பழத்தை அவர்கள் லைம் என்பார்கள். மலையாளத்தில் அதைச் செறுநாரங்கா, அதாவது சிறிய நாரங்கா என்று சரியாகவே பிரித்துச் சொல்கிறார்கள். லைமிலும் இரண்டு உண்டு. இன்றைய அமெரிக்க மதுக்கூடங்களில் பெரும்பாலும் பயன்படுவது விதையில்லாத பெரிய பாரசீக லைம். அதற்கு முன்பு கிம்லெட்டுக்குச் சாறு தந்தது மேற்கிந்தியத் தீவுகளில் விளைந்த சின்ன லைம்; தாவரவியல்படி அதுவும் நம் எலுமிச்சையும் ஒரே இனம். ஆகவே லண்டனிலோ நியூயார்க்கிலோ இருப்பவரைவிடத் தென்காசிச் சந்தைக்குப் பையோடு போகிறவர் பழைய கிம்லெட்டுக்கு ஒரு படி அருகில் நிற்கிறார். இங்கே தரும் செய்முறை இந்த நம்பிக்கையில் எழுந்தது. ஆகவே ஜின்னைப் பற்றிச் சுருக்கமாகவும் எலுமிச்சையைப் பற்றி விரிவாகவும் சொல்லப் போகிறேன்.

கப்பலில் பிறந்த கதை

நெடுங்கடல் பயணங்களில் மாலுமிகளைக் கொன்றது போரைவிட ஸ்கர்வி என்னும் நோய்தான். ஈறு வீங்கிக் குருதி கசியும், பல் ஆடும், ஆறிய பழைய புண் மீண்டும் திறக்கும். 1747ஆம் ஆண்டில் ஜேம்ஸ் லிண்ட் என்ற கடற்படை அறுவை மருத்துவர், சாலிஸ்பரி என்னும் போர்க்கப்பலில் இந்நோய் கண்ட 12 மாலுமிகளை இருவர் இருவராக ஆறு பிரிவாக்கி, ஒவ்வொரு பிரிவுக்கும் சைடர், வினிகர், கடல்நீர் என்று வெவ்வேறு மருந்தைக் கொடுத்துப் பார்த்தார். நாளுக்கு இரண்டு ஆரஞ்சும் ஒரு லெமனும் தின்ற இருவர் மட்டும் விரைவாகத் தேறினார்கள். ஆறே நாளில் பழம் தீர்ந்துபோன பிறகும் அவர்களில் ஒருவர் வேலைக்குத் திரும்பும் அளவுக்கு எழுந்துவிட்டார். இதை லிண்ட் 1753இல் நூலாக எழுதினார். ஆனாலும் பிரித்தானியக் கடற்படை லெமன் சாற்றை மாலுமிகளுக்கு முறையாக வழங்கத் தொடங்கியது 1795இல்தான். கண்டுபிடிப்புக்கும் ஆணைக்கும் இடையே நாற்பத்தெட்டு ஆண்டுகள் ஓடியதைப் பார்க்கும்போது, நம் ஊர் அலுவலகக் கோப்புகள் மீது எனக்கிருந்த கோபம் சற்றுத் தணிகிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் கடற்படை, மத்தியதரைக்கடல் நாடுகளின் லெமனை விட்டுவிட்டுத் தன் குடியேற்றத் தீவுகளில் விளைந்த லைமுக்கு மாறியது. இரண்டும் ஒன்றுதான், புளித்தால் போதும் என்று அன்று எண்ணினார்கள். புளிப்பு மருந்தன்று, வைட்டமின் சி தான் மருந்து என்பது அப்போது எவருக்கும் தெரியாது. 1918இல் லண்டனில் நடந்த ஆய்வில், லைம் சாற்றின் ஸ்கர்வியைத் தடுக்கும் ஆற்றல் லெமனுடையதில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கே என்று தெரிய வந்தது. காற்றும் ஒளியும் படும்படி வைத்ததாலும், செப்புக் குழாய் வழியே செலுத்தியதாலும் அந்த ஒரு பங்கும் தேய்ந்துபோயிற்று. 1875இல் ஜார்ஜ் நேர்ஸ் தலைமையில் ஆர்க்டிக் சென்ற குழு லைம் சாற்றைக் கையோடு கொண்டுபோயிருந்தும் ஸ்கர்வியில் விழுந்ததற்கு இதுவும் ஒரு காரணம். மருந்தாகத் தோற்ற பழம் சுவையாக வென்றது என்பது வேறு கதை. அந்தப் பழம் மாறாமலிருந்திருந்தால் கிம்லெட் என்ற பானமே இருந்திருக்காது.

அடுத்த திருப்பம் ஸ்காட்லாந்தில் நிகழ்ந்தது. அதுவரை சாறு கெடாமலிருக்க அதில் ரம் கலப்பது வழக்கமாயிருந்தது. எடின்பரோவின் துறைமுகமான லீத்தில் கப்பல்களுக்குப் பொருள் வழங்கும் குடும்பத்தைச் சேர்ந்த லாக்லன் ரோஸ், சாராயம் சேர்க்காமலே லைம் சாற்றைப் பாதுகாக்கும் முறைக்கு 1867இல் காப்புரிமை பெற்றார். அதே ஆண்டில் வந்த வணிகக் கப்பல் சட்டம், நெடும்பயணக் கப்பல்கள் மாலுமிகளுக்கு லைம் அல்லது லெமன் சாறு தர வேண்டும் என்று விதித்தது. சட்டமும் சரக்கும் ஒரே ஆண்டில் வந்து சேர்ந்தால் வியாபாரத்துக்கு வேறென்ன வேண்டும்? சர்க்கரை சேர்த்துப் புட்டியில் அடைத்த ரோஸின் லைம் கார்டியல் துறைமுகம்தோறும் பரவியது. கார்டியல் என்பது நம் வீடுகளில் எலுமிச்சை ஸ்குவாஷ் என்று புட்டியில் போட்டு வைக்கும் சமாச்சாரத்துக்கு நெருங்கிய உறவு.

அக்காலக் கடற்படையில் மாலுமிக்கு ரம், அதிகாரிக்கு ஜின் என்பது எழுதாத சாதி முறை. பிளிமத் துறைமுகத்தில் 1793 முதல் ஜின் காய்ச்சும் சாலை ஒன்று இயங்கி வந்ததால் அதிகாரிகளின் அறையில் பெரும்பாலும் பிளிமத் ஜின்னே இருந்தது. கீழ்த்தளத்தில் மருந்தாகக் கார்டியல், மேல்தளத்தில் விருந்தாக ஜின் என்று ஒரே கப்பலில் இரண்டும் பயணம் செய்யும்போது, என்றைக்காவது அவை ஒரே கோப்பைக்கு வந்து சேராமலிருப்பதுதான் கடினம்.

பெயருக்கு இரண்டு விளக்கங்கள் உலவுகின்றன. 1879இல் கடற்படையில் சேர்ந்து 1913இல் ஓய்வு பெற்ற தாமஸ் கிம்லெட் என்னும் மருத்துவர், அதிகாரிகளைச் சாறு குடிக்க வைப்பதற்காக அதை ஜின்னில் கலந்து கொடுத்தார் என்பது ஒன்று. பீப்பாயில் துளையிடப் பயன்பட்ட சின்னக் கைத்துறப்பணத்தின் ஆங்கிலப் பெயரே கிம்லெட் என்பதால், துளைத்து இறங்கும் பானத்துக்கு அப்பெயர் வந்தது என்பது மற்றொன்று. மருத்துவர் 1943இல் காலமானபோது வெளிவந்த இரங்கல் குறிப்பில் இந்தப் பானத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. நான் துறப்பணத்தின் பக்கம். ஆனால் மருத்துவர் கதை சொல்லுவதற்குச் சுவையானது என்பதை மறுக்க மாட்டேன்.

அச்சில் இந்தச் செய்முறை 1920களில் வருகிறது. பாரிஸில் மதுக்கூடம் நடத்திய ஹாரி மக்கெல்ஹோன் பிளிமத் ஜின் பாதி, ரோஸ் கார்டியல் பாதி என்று குறித்தார். 1930இல் லண்டன் சவாய் ஓட்டலின் காக்டெயில் நூலில் ஹாரி கிராடக்கும் அதே பாதிக்குப் பாதிக் கணக்கைத் தந்து, வேண்டுமானால் பனிக்கட்டி சேர்க்கலாம் என்றார். அதே நூலில் கிம்ப்ளெட் என்று ஓரெழுத்துக் கூட்டி இன்னொரு பானமும் இருக்கிறது. அதில் ஜின் முக்கால், புதிய லைம் சாறு கால், மேலே சோடா. 1953இல் ரேமண்ட் சாண்ட்லர் தம் துப்பறியும் நாவலொன்றில், சரியான கிம்லெட் என்றால் ஜின் பாதி ரோஸ் சாறு பாதி, வேறொன்றும் கூடாது என்று ஒரு பாத்திரத்தின் வாயால் சொல்ல வைத்த பிறகு அந்தக் கணக்கு வேதவாக்காகிவிட்டது. அப்படியே கலந்து குடித்துப் பார்த்தேன். என் நாவுக்கு அது கல்யாண வீட்டு வாசலில் கொடுக்கும் சர்பத்தைப் போலத் திகட்டியது. பனிக்கட்டி கிடைக்காத கப்பலில், காட்டமான ஜின்னுக்கு அவ்வளவு இனிப்பு வேண்டியிருந்திருக்கலாம். இன்று வேண்டியதில்லை.

ஜின்னைத் தேர்ந்தெடுத்தல்

ஜின் என்பது தானியச் சாராயத்தில் ஜூனிப்பர் என்னும் ஊசியிலைச் செடியின் காய்களையும் பிற வாசனைப் பொருள்களையும் ஏற்றிய பானம். ஜூனிப்பர் நமக்கு அயல் சரக்கு. ஆனால் அதற்கு அடுத்தபடியாகப் பெரும்பாலான ஜின்களில் இடம்பெறுவது நம் அஞ்சறைப் பெட்டியின் கொத்தமல்லி விதைதான். லண்டன் டிரை என்று முகப்பில் எழுதிய வகையில் காய்ச்சிய பிறகு இனிப்போ வாசனையோ சேர்ப்பதில்லை. கிம்லெட்டுக்கு அதுவே ஏற்றது. ஏற்கெனவே எலுமிச்சை, ஆரஞ்சு, பூ வாசனைகள் ஏற்றி வண்ணம் காட்டும் வகைகளை வாங்க வேண்டாம். கார்டியலோடு அவை சண்டையிடும். இந்தியாவிலேயே 2017 முதல் கோவாவில் கிரேட்டர் தேன், ஸ்ட்ரேஞ்சர் அண்ட் சன்ஸ் போன்ற நல்ல ஜின்கள் வரத் தொடங்கியிருக்கின்றன. விலை கூடிய புட்டிதான் வேண்டும் என்பதில்லை; மூடியைத் திறந்து முகர்ந்தால் தேவதாரு மரத்தை இழைத்தது போன்ற மணம் எழ வேண்டும், அவ்வளவே. அந்த மணம் இல்லாத ஜின்னுக்கும் வோட்காவுக்கும் வேறுபாடு இல்லை.

நம் நாட்டு ஜின் பெரும்பாலும் 42.8 விழுக்காடு ஆல்கஹால் கொண்டது. கீழே வரும் அளவுப்படி ஒரு குவார்ட்டர் புட்டியில், அதாவது 180 மில்லியில், மூன்று கிம்லெட் கலக்கலாம். ஒவ்வொன்றிலும் இரண்டு பெக் இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம். சிறிய கோப்பையில் இனிப்பாக இருப்பதால் எண்ணிக்கை பிசகிவிடும். தமிழ்நாட்டில் 21 வயதுக்கும் கேரளத்தில் 23 வயதுக்கும் குறைந்தவர்களுக்கு மது விற்பது சட்டப்படி குற்றம். எல்லையில் வாழ்கிறவர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும்: டாஸ்மாக்கில் கிடைக்காத புட்டி புனலூரில் கிடைக்கிறது என்று வாங்கிக்கொண்டு மலை இறங்கினால் சோதனைச் சாவடியில் பதில் சொல்ல வேண்டிவரும். எந்த மாநிலத்தில் குடிக்கப்போகிறீர்களோ அந்த மாநிலத்திலேயே வாங்குங்கள். குடித்துவிட்டு ஆரியங்காவு வளைவுகளில் வண்டி ஓட்டுவதைப் பற்றி எழுதவே கூச்சமாக இருக்கிறது, ஓட்டாதீர்கள்.

கார்டியல்

புதிதாகப் பிழிந்த சாற்றில் சர்க்கரைப் பாகைக் கலந்தால் அதுவே போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. அதுவும் நல்ல பானம்தான்; ஆனால் அதில் பழத்தின் உட்புறம் மட்டுமே இருக்கிறது. எலுமிச்சையின் வாசனை முழுவதும் தோலின் மேற்புறத்தில் புள்ளி புள்ளியாகத் தெரியும் எண்ணெய்ப் பைகளில் அடங்கியிருக்கிறது. அந்த எண்ணெயைச் சர்க்கரையால் இழுத்து, பிறகு சாற்றில் கரைப்பதுதான் கார்டியலின் நுட்பம். கடுமாங்காய்க்கு உப்பிட்டு ஒரு இரவு வைத்தால் காலையில் ஜாடியில் நீர் விட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். உப்பு அங்கே செய்யும் வேலையைச் சர்க்கரை இங்கே செய்கிறது.

முதல்முறை நான் இதைச் செய்தபோது, ஸ்குவாஷ் போடும் பழக்கத்தில் சாற்றையும் சர்க்கரையையும் அடுப்பில் ஏற்றிக் கொதிக்க விட்டேன். ஆறியதும் முகர்ந்தால் சளிக்குக் காய்ச்சும் கஷாயத்தின் வாசனை. நாக்கில் வைத்தால் கசப்பு. நம் எலுமிச்சைச் சாறு சூட்டைத் தாங்காது. ஆகவே இந்தச் செய்முறையில் எந்த இடத்திலும் அடுப்பு கிடையாது.

மொத்தம் 16 பழங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். வற்றிச் சுருங்கிய பழத்தையும், முழுதும் மஞ்சளாகிக் கனிந்து மெத்தென்றானதையும் ஒதுக்கிவிடுங்கள். பச்சை மாறி மஞ்சள் படரத் தொடங்கிய, கையில் கனமாகத் தோன்றும், தோல் பளபளக்கும் பழமே தேவை. பச்சை மிச்சமிருக்கும் தோலில்தான் காரமான மணம் கூடுதல், அதோடு சீவுவதற்கும் அது கெட்டியாக நிற்கும். கோடையில் பழத்தின் விலை ஏறிவிடும், சாறும் குறைந்துவிடும். குற்றாலச் சாரல் தொடங்கிய பிறகு செய்தால் பைக்கும் நல்லது, பானத்துக்கும் நல்லது.

பழங்களை வெதுவெதுப்பான உப்பு நீரில் தேய்த்துக் கழுவி, ஈரம் போகத் துடைத்துக்கொள்ளுங்கள். உருளைக்கிழங்குத் தோல் சீவும் பீலரால் 12 பழங்களின் மேல்தோலை மட்டும் மெல்லிய பட்டைகளாகச் சீவுங்கள். கீழே உள்ள வெள்ளைப் பகுதி கசப்பானது. அது ஒட்டி வந்தால் கத்தி முனையால் சுரண்டிவிடுங்கள். இந்த ஒரு வேலைக்குப் பொறுமை வேண்டும், ஏனென்றால் நம் பழத்தின் தோல் மெலிது, அவசரப்பட்டால் பீலர் சதை வரை போய்விடும். சீவிய தோலை ஊறுகாய் ஜாடியிலோ கண்ணாடிக் கிண்ணத்திலோ போட்டு 250 கிராம் வெள்ளைச் சர்க்கரையைக் கொட்டி, மரக்கரண்டியின் பின்புறத்தால் ஐந்து நிமிடம் நன்றாக நசுக்குங்கள். பித்தளை, அலுமினியப் பாத்திரங்கள் கூடாது. புளிப்பு அவற்றைத் தின்னும். கருப்பட்டியையும் ஒருமுறை போட்டுப் பார்த்தேன். கிடைத்தது கார்டியலன்று, பானகம். ராமநவமிக்கு ஆகும், கிம்லெட்டுக்கு ஆகாது.

ஜாடியை மூடி 12 மணி நேரம் வெளியிலேயே வைத்திருங்கள். சீவிய பழங்களைத் தனியே மூடிக் குளிர்பெட்டியில் வையுங்கள், இல்லாவிட்டால் காய்ந்துவிடும். மறுநாள் திறக்கும்போது சர்க்கரை ஈர மணலைப் போலக் குழைந்து, தோல் பட்டைகள் கண்ணாடி போல மினுங்கும்; அந்த மணத்தைப் பற்றி எழுதுவதைவிட நீங்களே திறந்து பார்ப்பது மேல். இப்போது பழங்களைப் பிழிந்து 250 மில்லி சாறு எடுங்கள். 16 பழத்தில் இந்த அளவு வரும்; கொஞ்சம் குறைந்தால் இன்னுமொரு பழத்தைச் சேர்த்துக்கொள்ளலாம். கடைசிச் சொட்டு வரை முறுக்கிப் பிழிந்தால் கசப்பும் சேர்ந்து இறங்கும் என்பதால் கை இளக்கமாக இருக்கட்டும். சாற்றை வடிகட்டி ஜாடியில் ஊற்றி, சர்க்கரை முழுதும் கரையும்வரை அவ்வப்போது கிளறுங்கள். கரைந்த பிறகு இரண்டு மணி நேரம் ஊற வைத்து, துவைத்த பழைய வேட்டித் துணியில் வடிகட்டினால் ஏறக்குறைய 400 மில்லி கார்டியல் கிடைக்கும். வெந்நீரில் கொதிக்க வைத்து உலர்த்திய புட்டியில் நிரப்பிக் குளிர்பெட்டியில் வைத்தால் மூன்று வாரம் நன்றாக இருக்கும். முதல் நாளைவிட மூன்றாம் நாள் சுவை கூடுதலாக இருப்பது என் அனுபவம்.

புட்டியில் விற்கும் கார்டியலைத்தான் பயன்படுத்துவேன் என்றால் தடையில்லை. பழைய கப்பல் கிம்லெட்டே அப்படி வந்ததுதான். அதில் இனிப்பு கூடுதலாக இருப்பதால், அடுத்து வரும் அளவில் கார்டியலை 20 மில்லியாகக் குறைத்துப் புதிய சாற்றை 15 மில்லியாக உயர்த்துங்கள்.

கலத்தல்

ஒரு கோப்பைக்கு ஜின் 60 மில்லி, கார்டியல் 25 மில்லி, அப்போது பிழிந்த எலுமிச்சைச் சாறு 10 மில்லி. கார்டியலில் தோலின் ஆழமும் இனிப்பும் இருக்கின்றன; அந்தப் பத்து மில்லி புதிய சாறு அதற்கு விழிப்பைக் கொடுக்கிறது. மருந்துப் புட்டியோடு வரும் அளவு மூடி எல்லா வீட்டிலும் கிடக்கும், அதில் அளக்கலாம். கண்ணளவு வேண்டாம். ஐந்து மில்லி பிசகினாலும் இந்தப் பானம் காட்டிக்கொடுத்துவிடும்.

குடிக்கப்போகும் கோப்பையைக் கால் மணி நேரத்துக்கு முன்பே ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள். தண்டுள்ள அகலக் கோப்பை மரபு; சிறிய கண்ணாடித் தம்ளரும் போதும். பனிக்கட்டி கொதித்து ஆறிய நீரில் வீட்டிலேயே உறைய வைத்ததாக இருக்கட்டும். மீன் வண்டிக்குப் போகும் பார் ஐஸைத் தட்டி உடைத்துக் குளிர்பானத்தில் போடும் பழக்கத்தை எங்கள் பக்கத்தில் பார்த்திருக்கிறேன், வயிறு உங்களுடையது.

குலுக்கும் கருவிக்குக் கடை தேட வேண்டியதில்லை. மூடி இறுகும் பழைய ஹார்லிக்ஸ் புட்டி போதும். அல்லது ஒன்றின் வாய்க்குள் மற்றொன்று இறங்கி நிற்கும் இரண்டு எவர்சில்வர் தம்ளர்கள். இந்த இரண்டாவது முறையை நான் கற்றுக்கொண்டது எந்த மதுக்கூடத்திலுமில்லை, தென்மலை போகும் சாலையோரம் குலுக்கி சர்பத் விற்கும் ஒரு தமிழரிடம். எலுமிச்சை, சர்க்கரைப் பாகு, சப்ஜா விதை, கீறிய பச்சைமிளகாய், ஐஸ் எல்லாவற்றையும் போட்டுத் தலைக்கு மேல் தூக்கி அவர் குலுக்கும் விதத்தில் எந்தப் பெரிய ஓட்டல் கலைஞரும் குறை காண முடியாது. தம்ளர் நிறைய ஐஸ் போடுகிறாரே, நீர்த்துப் போகாதா என்று கேட்டேன். "ஐஸ் கொறஞ்சாத்தான் வெள்ளமாப் போவும், அண்ணாச்சி" என்றார். மலையாளத்தில் வெள்ளம் என்றால் வெறும் தண்ணீர். அவர் சொன்னது இயற்பியலும்கூட: கொஞ்சமாகப் போட்ட கட்டிகள் பானத்தைக் குளிரவைக்கும் முன்பே உருகித் தீர்ந்துவிடும், நிறையப் போட்டால் பானம் சட்டென்று குளிர்ந்து, உருகுவது ஓரளவில் நின்றுவிடும்.

ஆகவே தம்ளரில் முக்கால் அளவுக்குப் பெரிய கட்டிகளாகப் போட்டு, அளந்த மூன்றையும் ஊற்றி, இறுக மூடி, 12 முதல் 15 விநாடி வரை வேகமாகக் குலுக்குங்கள். தம்ளரின் வெளிப்புறம் பனித்து, பிடித்த விரல் விறைக்கத் தொடங்கினால் நிறுத்தலாம். இதற்குள் ஏறக்குறைய 30 மில்லி நீர் உருகிக் கலந்திருக்கும். அதைக் கலப்படமாக நினைக்க வேண்டாம். அந்த நீர் இல்லாமல் கிம்லெட் தொண்டையை அறுக்கும். டீ வடிகட்டி வழியாகக் குளிர்ந்த கோப்பையில் ஊற்றுங்கள். கோப்பையில் ஐஸ் போடக் கூடாது. மேலே மெல்லிய எலுமிச்சை வில்லை ஒன்று போதும், அதுவும் கட்டாயமில்லை. குளிர் இறங்குவதற்குள், பத்து நிமிடத்தில் குடித்து முடிக்க வேண்டிய பானம் இது.

முதல் வாயில் இனிப்பு முந்தினால் அடுத்த கோப்பைக்குக் கார்டியலில் ஐந்து மில்லி குறையுங்கள். பல் கூசினால் புதிய சாற்றைப் பாதியாக்குங்கள். ஜின்னின் மணமே தெரியவில்லை என்றால் குறை அளவில் இல்லை, ஜின்னில்தான்.

மாற்றங்களில் இரண்டு மட்டும் சொல்லத் தகுந்தவை. குலுக்கும்போது ஒரு காந்தாரி மிளகாயைக் கீறிப் பாதி மட்டும் சேர்த்தால், காரம் கடைசியில் மெல்ல வந்து நிற்கும். முழு மிளகாய் போட்டவர்கள் அன்றிரவு வேறெதையும் சுவைக்கவில்லை. இன்னொன்று, மது அருந்தாதவர்களுக்கானது: ஐந்தாறு கொத்தமல்லி விதையை நசுக்கி 30 மில்லி கார்டியலில் பத்து நிமிடம் ஊற வைத்து வடிகட்டி, ஐஸ் மீது ஊற்றி, கோலி சோடாவை உடைத்து நிரப்புங்கள். எங்கள் வீட்டில் கார்டியல் புட்டி இந்த வழியில்தான் விரைவாகக் காலியாகிறது. நன்னாரி சேர்க்கலாமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். சேர்த்துப் பார்த்தேன், ஜூனிப்பரும் நன்னாரியும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டே நிற்கின்றன.

வேட்டித் துணியில் தங்கிய தோல் பட்டைகளை எறிந்துவிடாதீர்கள். தட்டில் பரப்பி இரண்டு நாள் வெயிலில் காய வைத்து டப்பாவில் போட்டு வைத்தால், பாலில்லாத சுலைமானித் தேநீருக்கு ஆளுக்கொரு பட்டை போட்டுக்கொள்ளலாம். அதற்குத் தனியாகச் சர்க்கரையும் வேண்டியிருக்காது.